இணையவழி உளச்சிகிச்சை

இணையவழி உளச்சிகிச்சை என்பது சிகிச்சையாளரும் சிகிச்சை பெறுபவரும் நேரில் சந்திக்காமல், இணையத்தின் ஊடாக நடைபெறும் உளச்சிகிச்சை ஆகும். நிகழ்படப் பேச்சு, குரல்வழிப் பேச்சு, அரட்டை, மின்னஞ்சல், பாடங்களாக அமைந்த கணினி நிரல்கள் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. மனச்சோர்வு, இருமுனைப் பிறழ்வு முதலிய மனநிலைக் கோளாறுகளுக்காக இம்முறை பரவலாக நாடப்படுகிறது. மனநல மருத்துவர் இல்லாத ஊர்களில் வாழ்வோருக்கும், பிறர் அறிந்துவிடுவர் என்னும் அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோருக்கும், அயல்நாட்டில் இருந்துகொண்டு தாய்மொழியில் பேச விரும்புவோருக்கும் இது உதவக்கூடியது. அதேவேளை, திரைக்கு அப்பால் இருப்பவர் யார், அவருடைய தகுதி என்ன, நெருக்கடி நேர்ந்தால் அவர் என்ன செய்வார் என்பவற்றை அறிந்துகொள்ளும் பொறுப்பு பெரிதும் உதவி நாடுபவரையே சேர்கிறது.

மனநிலைக் கோளாறுகள்

ஒருவருடைய மனநிலை, சூழலுக்குப் பொருந்தாத அளவில் தாழ்ந்தோ உயர்ந்தோ நீண்ட நாள் நிலைத்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போது அது மனநிலைக் கோளாறு எனப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பு, மனச்சோர்வுக் கோளாறுகளையும் இருமுனைப் பிறழ்வுகளையும் மனநிலைக் கோளாறுகள் என்ற ஒரே தொகுதியில் வைக்கிறது. இப்பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்தது.

இவ்வேறுபாடு இணையவழிச் சிகிச்சையில் மிக முக்கியமானது. இருமுனைப் பிறழ்வு உடையவர் பெரும்பாலும் சோர்வுற்ற காலத்திலேயே உதவி நாடுகிறார். முன்னர் ஏற்பட்ட மிகை எழுச்சியை, அதாவது உறக்கம் குறைந்தும் களைப்பின்றி இருந்த நாட்களையும், அளவு மீறிய செலவையும், ஓயாத பேச்சையும், அவர் நோயாகக் கருதாமல் சொல்லாது விடலாம். இதனால் அவருக்கு மனச்சோர்வு மட்டுமே உள்ளதாக முடிவு செய்யப்பட்டு, மனநிலைச் சீராக்கி இன்றிச் சோர்வகற்றும் மருந்து மட்டும் தரப்பட்டால், சிலருக்கு அது மிகை எழுச்சியைத் தூண்டக்கூடும். எனவே முதல் உரையாடலிலேயே கடந்தகால எழுச்சி நிலைகள் குறித்தும் குடும்ப நோய் வரலாறு குறித்தும் கேட்பது நல்ல சிகிச்சையாளரின் இயல்பாகும்.

வரலாறு

தொலைவில் இருந்தபடி உளமருத்துவம் செய்யும் முயற்சி இணையத்துக்கு முற்பட்டது. அமெரிக்காவில் நெப்ராசுகா உளமருத்துவ நிறுவனம் 1959-இல் இருவழித் தொலைக்காட்சி இணைப்பைச் சிகிச்சைக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தியது. 1966-இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சோசப் வைசன்பாம், உளச்சிகிச்சையாளர் போல விடையிறுக்கும் எலைசா என்னும் நிரலை வெளியிட்டார். அது சொற்களைத் திருப்பிக் கேட்பதன்றி எதையும் புரிந்துகொள்வதில்லை. எனினும் மக்கள் அதனிடம் மனம் திறந்து பேசியது அவரையே கலங்கச் செய்தது. பிற்காலத்தில் அவர் கணினியை மனிதருக்கு ஈடாக வைப்பதைக் கடுமையாக எதிர்த்தார்.

1990-களின் நடுப்பகுதியில் சில உளவியலாளர்கள் மின்னஞ்சல் வழியாகக் கட்டணச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினர். ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் மூட்சிம் என்ற தன்னுதவி நிரலை 2001-இல் வெளியிட்டது. பிரித்தானியாவில் 2006-இல் நைசு எனப்படும் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம், மிதமான மனச்சோர்வுக்குக் கணினிவழிச் சிகிச்சை நிரல் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2010-களில் திறன்பேசிச் செயலிகள் வழியாகச் சந்தா முறையில் சிகிச்சையாளரை இணைத்துவைக்கும் வணிக நிறுவனங்கள் தோன்றின. 2020-இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது நேரடிச் சந்திப்புகள் தடைப்பட்டதால், அதுவரை தயங்கிய மருத்துவமனைகளும் நிகழ்பட முறைக்கு மாறின.

வகைகள்

* நிகழ்படச் சிகிச்சை: குறித்த நேரத்தில், முகம் பார்த்துப் பேசும் முறை. நேரடிச் சிகிச்சைக்கு மிக நெருக்கமானது.
* குரல்வழிச் சிகிச்சை: இணைய வேகம் குறைந்த இடங்களுக்கு ஏற்றது. முகக்குறிப்புகளைச் சிகிச்சையாளர் காண இயலாது.
* எழுத்துவழிச் சிகிச்சை: அரட்டை அல்லது மின்னஞ்சல் மூலம் நடைபெறுவது. பேசக் கூச்சப்படுவோருக்கு எளிது. உடனடி விடை கிடைக்காத நேரங்கள் உண்டு.
* வழிகாட்டப்பட்ட தன்னுதவி: அறிதல்-நடத்தைச் சிகிச்சையைப் பாடங்களாகவும் பயிற்சிகளாகவும் அமைத்த நிரலைச் சில வாரங்களில் முடிப்பது. சிகிச்சையாளர் இடையிடையே தொடர்புகொள்வார்.
* வழிகாட்டல் அற்ற தன்னுதவி: நிரல் மட்டுமே உள்ள முறை.
* தொலை உளமருத்துவம்: மனநல மருத்துவர் நிகழ்படம் வழியாக நோயறிந்து மருந்தும் எழுதித் தருவது.

அறிதல்-நடத்தைச் சிகிச்சை 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவரால் மனச்சோர்வுக்காக உருவாக்கப்பட்டது. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பது இதன் அடிப்படை. "எதைச் செய்தாலும் தோற்பேன்" என்னும் எண்ணம் ஒருவரைச் செயலற்றவராக்குகிறது. செயலின்மை அவ்வெண்ணத்தை மேலும் உறுதிசெய்கிறது. இச்சுழலை எழுதிப் பார்த்துச் சோதிப்பதும், சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்வதும் இதன் பயிற்சிகளாகும். படிப்படியான அமைப்பும் வீட்டுப்பாடங்களும் கொண்டிருப்பதால் இது இணையத்துக்கு எளிதில் பொருந்தியது.

செயல்திறன்

சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு கூடிய இணையவழி அறிதல்-நடத்தைச் சிகிச்சை, நேரடிச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பயன் தருவதாக 2018-இல் வெளியான ஒப்பீட்டு மீளாய்வு ஒன்று காட்டியது. மாறாக, 2015-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுற்ற 691 பேரில் நிரல்களைப் பெற்றவர்கள், வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடு அடையவில்லை. அவர்களுள் பலர் நிரலைத் தொடர்ந்து பயன்படுத்தவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

2021-இல் வெளியான மற்றொரு மீளாய்வின்படி, மனச்சோர்வு கடுமையாக உள்ளவர்களுக்கு மனித வழிகாட்டலால் கூடுதல் பயன் உண்டு. அது இலேசாக உள்ளவர்களுக்கு வழிகாட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு குறைவு. சோர்வே ஊக்கத்தைப் பறிக்கும் நோய் ஆதலால், அடுத்த வாரம் தன்னை ஒருவர் எதிர்பார்த்திருப்பார் என்பதே பலரைத் தொடரச் செய்கிறது எனக் கருதப்படுகிறது. இருமுனைப் பிறழ்வில் உளச்சிகிச்சை மருந்துக்குத் துணையாகவே அமைகிறது. உறக்க ஒழுங்கு, மனநிலை நாட்குறிப்பு, மீள்வரவின் முன்னறிகுறிகளை அடையாளம் காணல் போன்றவற்றை இணையம் வழியாகவும் கற்பிக்க முடியும்.

சிகிச்சையாளரைத் தெரிவுசெய்தல்

பெயர்களும் தகுதிகளும்

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகிய மூவரும் ஒருவரல்லர். இந்தியாவில் மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டத்துக்குப் பின் உளமருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்று, மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர். இம்மூவருள் நோய்க்கு மருந்து எழுதும் உரிமை இவருக்கே உண்டு. மருத்துவ உளவியலாளர், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பை முடித்து, அம்மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்றவர். ஆலோசகர் என்ற பெயரைச் சில வாரப் பயிற்சி பெற்றவர்களும் பயன்படுத்தி வந்துள்ளனர். ஆகையால் அப்பெயர் மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. முதுகலைப் பட்டமும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் பெற்ற ஆலோசகர்களும் உள்ளனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் மாநிலவாரியாக வழங்கப்படுகிறது. பொதுவாக, நோயாளி இருக்கும் மாநிலத்தில் சிகிச்சையாளருக்கு உரிமம் இருத்தல் வேண்டும். ஆகவே அயல்நாட்டில் வாழும் தமிழர் ஒருவர் சென்னையில் உள்ள சிகிச்சையாளரை நாடும்போது, தாம் வாழும் நாட்டின் சட்டம் அதை ஏற்கிறதா என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று.

முன்கூட்டியே கேட்கத்தக்கவை

* முழுப்பெயர், பதிவு எண், பதிவு செய்த மன்றம்.
* மனநிலைக் கோளாறுகளில் உள்ள அனுபவம், பின்பற்றும் சிகிச்சை முறை.
* உரையாடும் மொழி. துயரை வேற்றுமொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை சிகிச்சையைத் தளர்த்தும்.
* ஓர் அமர்வின் நேரம், கட்டணம், அமர்வு தவறினால் கட்டண விதி.
* ஒவ்வொரு முறையும் அதே சிகிச்சையாளர் வருவாரா என்பது.
* குறிப்புகள் எங்கே சேமிக்கப்படும், யார் பார்க்கலாம் என்பது.
* இரு அமர்வுகளுக்கு இடையே நெருக்கடி நேர்ந்தால் யாரை அழைப்பது என்பது.

இறுதி வினாவுக்குத் தெளிவான விடை தராதவரைத் தவிர்ப்பதே நலம். நல்ல சிகிச்சையாளர் முதல் அமர்விலேயே, நோயாளி அப்போது இருக்கும் முகவரியையும், உடனே அழைக்கத்தக்க உறவினர் ஒருவரின் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வார். இது துருவிக் கேட்பது அன்று. தொலைவில் இருப்பவர் உதவி அனுப்ப வேறு வழியில்லை.

வினாத்தாள்கள்

பல சேவைகள் தொடக்கத்தில் பி.எச்.கியூ-9 என்னும் ஒன்பது வினாக்கள் கொண்ட பட்டியலைத் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் பெற்றவர் விரிவான ஆய்வுக்கு உட்படுதல் வேண்டும் எனக் கொள்ளப்படுகிறது. இது வடிகட்டும் கருவி மட்டுமே. இருமுனைப் பிறழ்வைப் பிரித்தறிய இது உதவாது. தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற உடல்நோய்களும் சோர்வை உண்டாக்கும் ஆதலால் குருதிச் சோதனை தேவைப்படலாம்.

இந்தியச் சட்டநிலை

இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இவற்றின்படி மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் மின்னணுத் தொடர்புகளிலும் காட்ட வேண்டும். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டிருத்தல் வேண்டும். அட்டவணை எக்சில் அடங்கிய மருந்துகளைத் தொலைவழியில் எழுதித்தர இயலாது. செயற்கை நுண்ணறிவு நிரல்கள் நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து பரிந்துரைக்கவோ கூடாது என்றும், மருத்துவருக்குத் துணையாக மட்டுமே அமையலாம் என்றும் இவை கூறுகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவல்களை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது.

வரம்புகளும் இடர்களும்

தற்கொலை எண்ணம் திட்டமாக வளர்ந்த நிலை, கடும் மிகை எழுச்சி, மாயக்குரல் கேட்டல், உணவையும் நீரையும் மறுத்தல் ஆகியவற்றில் நேரடி மருத்துவம் இன்றியமையாதது. லித்தியம் உட்கொள்வோருக்குக் குருதியில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் இயக்கத்தையும் காலந்தோறும் சோதிக்க வேண்டும். லித்தியத்தில் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. எனவே திரைவழி மருத்துவரோடு, அருகில் உள்ள ஒரு மருத்துவமனையின் தொடர்பும் இருத்தல் வேண்டும்.

தனிமறைவு மற்றோர் இடர் ஆகும். பின்லாந்தின் வாசுதாமோ உளச்சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட பதிவுகளைக் கொண்டு 2020-இல் நோயாளிகளிடமே பணம் கேட்டு மிரட்டல் விடுக்கப்பட்டது. அமெரிக்காவின் பெட்டர்கெல்ப் நிறுவனம் பயனர் தகவல்களை விளம்பர நோக்கில் பிற நிறுவனங்களுக்கு அளித்தது என்ற குற்றச்சாட்டில், அந்நாட்டு வணிக ஆணையம் 2023-இல் 78 இலட்சம் டாலர் செலுத்த ஆணையிட்டது.

வீட்டுச் சூழலும் கருதத்தக்கது. ஒரே அறையில் பலர் வாழும் வீட்டில் தனித்துப் பேச இடமிராது. நோய்க்குக் காரணமானவரே அடுத்த அறையில் இருக்கலாம். காதொலிக் கருவி, வீட்டுக்கு வெளியே ஓர் இடம், பேச்சை நிறுத்த முன்னரே ஒத்துக்கொண்ட ஒரு சொல் ஆகியன இத்தகையோருக்கு உதவும்.

தமிழ் பேசும் பகுதிகளில்

சென்னையில் 1984-இல் நிறுவப்பட்ட இசுகார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டத்தில் பேருந்து ஒன்றைக் கொண்டு தொலை உளமருத்துவம் நடத்தியது. ஊருக்கு வரும் பேருந்தில் அமர்ந்து, சென்னையில் உள்ள மருத்துவரோடு நிகழ்படம் வழியாகப் பேசிய நோயாளி, மருந்தையும் அப்பேருந்திலேயே பெற்றுச் சென்றார். நோயாளியிடம் கணினியோ இணைய இணைப்போ இருக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு.

இந்திய அரசின் டெலி மானசு சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. பெங்களூரில் உள்ள நிமான்சு இதற்குத் தலைமை மையமாகும். 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் இருபத்துநான்கு மணிநேரமும் கட்டணமின்றிப் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகரும், தேவைப்பட்டால் வல்லுநரும் பேசுவர். தமிழ்நாட்டில் இது "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இயங்குகிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926 ஆகும். சிங்கப்பூரில் 1771, கனடாவில் 988 ஆகியவை இவ்வகை எண்களாகும். கட்டணச் சேவையைத் தேடும் முன்னர், எங்கே தொடங்குவது என்று அறியவும் இவ்வெண்களை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்வதே முதல் வழி.

இவற்றையும் பார்க்க

* மனச்சோர்வு
* இருமுனைப் பிறழ்வு
* அறிதல்-நடத்தைச் சிகிச்சை
* தொலைமருத்துவம்
* தற்கொலைத் தடுப்பு