சங்கராபரணத்தில் ஒரு துணைக்குரல்

திருவனந்தபுரத்துக் கரமனையில் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பாடம் தொடங்குமுன் இடதுகை விரல்களில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்வார். தந்தியில் விரல் வழுக்கினால்தான் கமகம் வரும். அடுத்து அவர் சொல்வது ஒன்றுதான்: "பாட்டு முன்னால போகட்டும், நீ கூடவே வா."

அந்தச் சொல்லின் முழு அர்த்தம், மேல்நாட்டு இசையமைப்பாளர் கொரெல்லியைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1700இல் ரோமில் வெளியான அவருடைய 12 சொனாட்டாக்களில் வயலின்தான் பாடகர். துணைக்கு ஹார்ப்சிகார்ட். அதன் கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகுத்தண்டு தந்தியை மீட்டும். வீணையை நகத்தால் மீட்டுவதுபோலத்தான். ஆனால் ஒலி எழுந்ததுமே தேயத் தொடங்கிவிடும், ஸ்வரத்தை அசைக்கவும் வழியில்லை. வாசிப்பவரின் ஏட்டில் கீழ்க்குரல் வரிசையும் அங்கங்கே சில எண்களும் மட்டும் இருக்கும். மீதியை அவர் அந்த நேரத்திலேயே கற்பனையால் நிரப்ப வேண்டும். இதை அறிந்த அன்று எனக்கு மெய் சிலிர்த்தது. நம் பக்கவாத்தியக்காரர் செய்வதும் இதைத்தானே!

நம்மிடம் வந்த வயலின் அந்தத் துணைவரின் இடத்தில்தான் உட்கார்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். தீட்சிதரின் சீடர்களான தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு. அவர் கையில் அது திருவனந்தபுரத்துக்கு வந்தது. அங்கே மன்னராக இருந்த சுவாதித் திருநாளுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இருபதைத் தாண்டிய இரண்டு இளைஞர்கள், ஓர் அந்நிய வாத்தியத்தின் மேல் அத்தனை நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்! தஞ்சாவூர்க்காரரை இந்த ஊர் அப்படித் தாங்கியதில் எனக்கு இன்றும் பெருமை.

தோளில் இருந்த வயலின் இங்கே சம்மணமிட்டவரின் மார்புக்கும் வலது பாதத்துக்கும் இடையில் சாய்ந்தது. நான்கு தந்திகளும் ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூடின. வீணையொலி ஓயும் இடத்தைத் தாண்டியும் வில் இழுத்துக்கொண்டே போகும் என்பதால், பாடகரின் மூச்சுக்கு ஈடு கொடுக்க வயலினால் முடிந்தது.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் முதல் நாள் பாடப்படுவது சுவாதித் திருநாளின் 'தேவி ஜகஜ்ஜனனி', சங்கராபரணம். மேல்நாட்டார் மேஜர் என்று சொல்லும் அதே ஏழு ஸ்வரங்கள். கொரெல்லியின் முதல் சொனாட்டாவும் மேஜர்தான். மண்டபத்தில் கைதட்டல் கிடையாது. ஆலாபனையில் பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிறுத்தி மூச்சு வாங்குவார். அந்த நிசப்தத்துக்குள், அவர் விட்ட ஷட்ஜத்தை வில் மெல்ல எடுத்துக்கொள்ளும்.