ஸ்டெப்னி: ஒரு தெருப் பெயர் நம்ம டிக்கிக்குள்ள வந்த கதை

இந்த எபிசோடை ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம்: ஸ்டெப்னி. கார்ல, ஆட்டோல, லாரில மாற்றா வச்சிருக்கிற டயருக்கு நாம சொல்ற பேர். இதை இங்கிலீஷ் வார்த்தைனு நினைச்சு லண்டன்ல போய் ஒரு மெக்கானிக்கிட்ட சொன்னீங்கன்னா, அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். லண்டன்ல அந்தப் பேர்ல ஒரு ஏரியா இருக்கு, அவ்வளவுதான். டயருக்கும் அந்த ஏரியாவுக்கும் சம்பந்தமே இல்லை.

சம்பந்தம் இருக்கிற இடம் வேல்ஸ். அங்க லானெல்லின்னு ஒரு ஊர், அந்த ஊர்ல ஸ்டெப்னி ஸ்ட்ரீட்னு ஒரு தெரு. 1904-ல தாமஸ் மாரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ்னு ரெண்டு சகோதரர்கள் அந்தத் தெருவுல ஒரு மாற்றுச் சக்கரம் செஞ்சாங்க. அதுக்குத் தெருவோட பேரையே வச்சாங்க. இங்கிலாந்துல அந்தப் பேர் மறைஞ்சு போச்சு. இந்தியாவுல, வங்கதேசத்துல, மால்டாவுல இன்னும் புழங்குது. பிரேசில்ல இன்னைக்கும் மாற்று டயருக்கு "எஸ்டெப்பே"ன்னுதான் பேர்.

வார்த்தை வந்த கதை சுவாரஸ்யம்தான். ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒரு விஷயம். வண்டி பஞ்சர் ஆனா அதைச் சரி பண்ற வேலை யாரோடது? எங்க நடக்கணும்? எவ்வளவு நேரம் ஆகும்? கடந்த 130 வருஷத்துல இதுக்கான பதில் மூணு தடவை மாறியிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆபத்து ஒருத்தர் தலையில இருந்து இன்னொருத்தர் தலைக்கு இடம் மாறியிருக்கு.

*முதல் பதில்: ஒரு ராத்திரி பொறுங்க*

காத்து அடைச்ச டயருக்கு முதல்ல காப்புரிமை வாங்கினது ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-ல. ஆனா அப்போ அதை வாங்க ஆளே இல்லை, எல்லாரும் மறந்துட்டாங்க. 1888-ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு கால்நடை மருத்துவர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதே யோசனையைத் திரும்பக் கண்டுபிடிச்சார். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தாம்சனோட பழைய காப்புரிமை வெளியே வந்து, டன்லப்போட காப்புரிமை செல்லாமப் போச்சு. ஆனா அதுக்குள்ள சைக்கிள் பந்தயக்காரங்க அந்த டயரோட சுகத்தைப் பார்த்துட்டாங்க.

ஒரு பிரச்சனை மட்டும் இருந்தது. டயரை ரிம்மோட பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. 1889-ல பிரான்ஸ்ல, கிளெர்மான்-ஃபெரான்ல இருந்த மிஷெலின் சகோதரர்களோட ரப்பர் பட்டறைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரோட வந்தார். பிரிச்சு ஒட்ட சில மணி நேரம் ஆச்சு, பசை காய ராத்திரி முழுக்க ஆச்சு. மறுநாள் காலையில ஓட்டிப் பார்த்தா, கொஞ்ச தூரத்துலயே காத்து போயிடுச்சு.

நம்ம துறை பாஷையில சொன்னா, சிஸ்டம் சூப்பரா ஓடுது, ஆனா ஒரு சின்ன பக் வந்தா ஒரு நாள் முழுக்க டவுன்.

*ரெண்டாவது பதில்: நீயே கழட்டி ஒட்டு*

மிஷெலின் சகோதரர்கள் 1891-ல கழட்டி மாட்டற டயருக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயம், சுமார் 1,200 கிலோமீட்டர். அந்த டயரோட ஓட்டின ஷார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்கு மேல ஓட்டி ஜெயிச்சார். அவருக்கும் பஞ்சர் ஆச்சு. ஆனா அதை வழியிலயே சரி பண்ண முடிஞ்சது.

அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேல போனாங்க. பாரிஸ்ல இருந்து கிளெர்மான்-ஃபெரானுக்கு அவங்களே ஒரு பந்தயம் நடத்தி, வழியில நெவேர் பக்கம் ரோட்டுல ஆணியைத் தூவி விட்டாங்க! பஞ்சர் ஆனாலும் எங்க டயரைச் சீக்கிரம் சரி பண்ணிடலாம்னு காட்டறதுக்கு. நம்ம ஊர்ல பஞ்சர் கடைக்காரரைப் பார்த்து "ரோட்டுல ஆணி போடறதே நீதானே"ன்னு கிண்டல் பண்றோமே, அதை விளம்பரத்துக்காக வெளிப்படையாவே செஞ்ச கம்பெனி அது.

சைக்கிள்ல சரி. கார்ல இது கொடுமை. ஆரம்ப கால கார்கள்ல சக்கரத்தைத் தனியாக் கழட்ட முடியாது. கம்பியால நெம்பி டயரை மட்டும் உரிக்கணும், ட்யூபை ஒட்டணும், திரும்ப உள்ள தள்ளணும், கையால காத்தடிக்கணும். எல்லாம் மழையிலயும் சேத்துலயும்.

*மூணாவது பதில்: ரிப்பேரைத் தள்ளிப் போடு*

டேவிஸ் சகோதரர்கள் யோசிச்சது இங்கதான். அவங்க செஞ்ச ஸ்டெப்னிக்கு ஆரக்காலே கிடையாது. வெறும் ரிம், அதுமேல காத்து அடைச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்ட வேண்டாம், அது பக்கத்துலயே இதை வச்சு கிளாம்ப் போட்டு முடுக்கிட்டு ஓட்டிட வேண்டியதுதான். பிறகு கழட்டி மாட்டற சக்கரம் பரவினதும் இந்த வடிவம் காணாமப் போச்சு. பேர் மட்டும் முழுச் சக்கரத்துக்கு ஒட்டிக்கிச்சு.

இதுல இருக்கிற ஐடியாவைக் கவனிங்க. ஸ்டெப்னி ஓட்டையை அடைக்கறது இல்லை. ரிப்பேரை ரோட்டுல இருந்து கடைக்குத் தள்ளிப் போடுது. அப்படித் தள்ளிப் போடணும்னா, வழியில ஒரு கடை இருந்தாகணும். நம்ம ஊர் பஞ்சர் கடைக்கு அர்த்தம் வர்றது இங்கதான்.

*நம்ம பக்கத்து ரப்பர் கதை*

இப்போ வட சென்னை தாண்டி வரலாம். அம்பத்தூர், திருவொற்றியூர் எல்லாம் 2018-ல சென்னை மாவட்டத்தோட சேர்ற வரைக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான். இந்தியாவுல சக்கரம் உருண்ட கதையில பெரிய பகுதி இந்தச் சுத்துவட்டாரத்துல நடந்தது. 1949-ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ். 1955-ல திருவொற்றியூர்ல என்ஃபீல்டு. 1959-ல அம்பத்தூர்லயே டன்லப் தொழிற்சாலை. பெல்ஃபாஸ்ட் கால்நடை மருத்துவர் பேர் அம்பத்தூர் பஸ் ஸ்டாப் பேராவே ஆகிடுச்சு.

அதைவிட சுவாரஸ்யம் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. கேரளாக் குடும்பம். 1938-ல குடும்பத்தோட வங்கி திவால் ஆகி எல்லாம் போச்சு. 1946-ல திருவொற்றியூர்ல ஒரு ஷெட்ல குழந்தைங்க ஊதற பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்னைக்கு எம்ஆர்எஃப். பலூன்ல இருந்து நேரா டயருக்குப் போகலை. 1952-ல அவர் இறங்கினது ட்ரெட் ரப்பர்ல, அதாவது பட்டன் தேஞ்சு வழவழன்னு ஆன பழைய டயர் மேல புதுசா ஒட்டற ரப்பர். புது டயர் செய்ய ஆரம்பிச்சது 1961-லதான்.

அதாவது நம்ம ஊரோட பெரிய டயர் கம்பெனி, முதல்ல பழைய டயரைக் காப்பாத்தற தொழில்ல வளர்ந்தது. புது டயர் வாங்கறது கனவா இருந்த காலம் அது. தேஞ்சா ரப்பர் ஒட்டு, ஓட்டை விழுந்தா வல்கனைசிங் போடு, கிழிஞ்சா உள்ள ஒரு துண்டு வச்சு ஓட்டு.

வல்கனைசிங்னு போர்டுல எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைச்சிடும். 1839-ல சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணினா ரப்பர் இறுகிடும்னு கண்டுபிடிச்சார். ரப்பரோட நீள நீளச் சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு பாலம் போட்டுக்கறதுதான் அதுக்குக் காரணம். பஞ்சர் கடையில ட்யூபை ஒரு சின்ன பிரஸ்ல இறுக்கிச் சூடு பண்றாங்களே, அந்த டயர் பிறந்த தொழிற்சாலையில நடந்த வேதியியலோட குட்டி வடிவம்தான் அது. ஒரு காலத்துல நெடுஞ்சாலைல அந்தக் கடையில நிறைய இடத்துல மலையாளத்து அண்ணன்தான் இருப்பார். ரப்பர் விளையற மண்ணுல இருந்து வந்த ஆளு, ரப்பர் தேயற ரோட்டுல உட்கார்ந்திருந்தார்.

*நாலாவது பதில்: டிக்கியில டயரே வேண்டாம்*

ட்யூப்லெஸ் டயருக்கு அமெரிக்காவுல பி.எஃப். குட்ரிச் கம்பெனியோட ஃபிராங்க் ஹெர்செக் 1946-ல விண்ணப்பிச்சு, 1952-ல காப்புரிமை வாங்கினார். நம்ம வண்டிகள்ல இது பரவலானது 2000-க்குப் பிறகுதான். ட்யூப்ல ஓட்டை விழுந்தா பொசுக்குனு காத்து போயிடும். ட்யூப்லெஸ்ல டயர் ரப்பரே ஆணியைச் சுத்திப் பிடிச்சுக்கும், காத்து மெதுவாத்தான் இறங்கும். அந்த மெதுவான இறக்கம் உங்களுக்கு நேரம் கொடுக்குது.

இதை நம்பித்தான் 2020-ல மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு மேல போகாத பயணிகள் காரா இருந்து, ட்யூப்லெஸ் டயர், டயர் பிரஷரைக் காட்டற சென்சார், பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. எடை குறையும், பேட்டரிக்கு இடம் கிடைக்கும். நியாயமான காரணம்தான்.

ஆனா அந்த கிட்டால எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது. ரோட்டுல படற பகுதியில, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கிற ஓட்டைக்குத்தான் அது. டயரோட பக்கவாட்டுச் சுவர் கிழிஞ்சா திரியும் நிக்காது, சீலன்ட்டும் நிக்காது. ஏன்னா டயர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியற இடம் அதுதான்.

இப்போ கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் யோசிங்க. உருக்காலைகள், ரோலிங் மில்கள். ஸ்கிராப் ஏத்தின லாரி உள்ள போகுது, கம்பி ஏத்தின டிரெய்லர் வெளிய வருது. அந்த ரோட்டுல கிடக்கிறது எப்பவும் மெல்லிசான ஆணியா இருக்காது. கத்தி மாதிரி விளிம்பு உள்ள இரும்புத் துண்டாவும் இருக்கும். நைட் ஷிப்ட் முடிஞ்சு ஜிஎன்டி ரோட்டுல கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டு ரோடுன்னு பைக்ல வர்றவருக்கும், திருவள்ளூர்ல இருந்து செங்குன்றம் பக்கம் கார்ல வர்றவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

*அப்போ எதைத் தேர்ந்தெடுக்கறது?*

130 வருஷக் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது இது: முதல்ல ஓட்டையைப் பார்க்காதீங்க, நிக்கற இடத்தைப் பாருங்க. ராத்திரி நெடுஞ்சாலை ஓரத்துல, லாரி போற பக்கம் முதுகைக் காட்டிட்டு ஜாக்கி போடறது, பஞ்சரை விட பல மடங்கு ஆபத்து. அந்தச் சக்கரம் ரோட்டுப் பக்கச் சக்கரமா இருந்தா, அங்க கழட்டவே கழட்டாதீங்க.

ட்யூப்லெஸ்ஸா, ஆணி குத்தி நிக்குதா? பிடுங்காதீங்க. அதுதான் இப்போதைக்கு கார்க். காத்தடிச்சுட்டு மெதுவா அடுத்த கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ போயிடுங்க. காத்து சீக்கிரம் இறங்குதுன்னா, வெளிச்சமான இடத்துல நிறுத்தி கிட்டை எடுங்க. பக்கச்சுவர் கிழிஞ்சிருந்தா ஸ்டெப்னி, அதுவும் இல்லைன்னா டோயிங். நடுவுல வேற வழி இல்லை. ட்யூப் டயரா இருந்து காத்து முழுசா போயிட்டா ஏறி ஓட்டாதீங்க. நூறு ரூபா வேலை, ட்யூபும் டயரும் ரிம்மும் சேர்ந்து ஆயிரக் கணக்குல முடியும். பெரிய நெடுஞ்சாலைல மாட்டிக்கிட்டா தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தோட உதவி எண் 1033, அவசரம்னா 112. திரியும் சீலன்ட்டும் கடை வரைக்கும் ஓட்டறதுக்கான ஹாட்ஃபிக்ஸ். நிரந்தர வேலை, டயரைக் கழட்டி உள்பக்கமா ஒட்டறதுதான்.

கடைசியா ஒண்ணு. கார் டயர்ல 30 பி.எஸ்.ஐ சொச்சம் காத்து. லாரி டயர்ல 100-க்கும் மேல. பழைய லாரி ரிம் ஒரே துண்டு கிடையாது, டயரை ஒரு இரும்பு வளையம் பூட்டி நிறுத்தும். அந்த வளையம் சரியா உட்காராம காத்தடிச்சா அது பீரங்கிக் குண்டு மாதிரி தெறிச்சு வரும். அதனாலதான் இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுக் காத்தடிக்கணும்னு சொல்றாங்க. ரோட்டோரக் கடையில எத்தனை கூண்டு பார்த்திருக்கீங்க? ஓட்டுநர்கிட்ட இருந்து ஸ்டெப்னி தள்ளி வச்ச ஆபத்து கடைசியா வந்து சேர்ந்த இடம் அதுதான்: சக்கரத்துக்கு முன்னாடி குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன்.

கார்ல இருந்து ஸ்டெப்னி மெல்லக் காணாமப் போகுது. சைக்கிள், பைக் ட்யூப் ஒட்டற வேலையும் குறையுது. ஆனா தச்சூர்ல நிக்கற பதினெட்டுச் சக்கர டிரெய்லருக்கு ஆப் வந்து டயர் மாத்தாது. லாரி நிக்கிற வரைக்கும் அந்தக் கடை வேணும். கூண்டு வாங்கறதுக்கான செலவை அந்தக் கடைக்காரர் மட்டும் ஏன் சுமக்கணும்கிறதை, சரக்கு ஏத்தி அனுப்பற கம்பெனிகள்ல வேலை பார்க்கறவங்க உங்க மீட்டிங்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்கு முன்னாடி, இன்னைக்கே டிக்கியைத் திறந்து உள்ள ஸ்டெப்னி இருக்கா, இருந்தா அதுல காத்து இருக்கான்னு பார்த்துடுங்க.