அமைப்புச் சிந்தனை

இயந்திரமோ தொழிற்சாலையோ கணினி வலையமைப்போ தகராறு செய்தால், பழுதான பாகம் எது என்று தேடுவதுதான் பொறியாளரின் முதல் வேலை. எல்லாப் பாகங்களும் ஒழுங்காக வேலை செய்தும் மொத்தமாகப் பார்க்கும்போது தடுமாற்றம் இருந்தால்? அமைப்புச் சிந்தனை கிளைத்தது இந்தக் கேள்வியிலிருந்து. பாகங்களுக்கிடையே ஓடும் தகவல், அது வந்து சேர ஆகும் தாமதம், ஒரு செயலின் விளைவு சுற்றிவந்து அந்தச் செயலையே தொடும் பின்னூட்டம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அமைப்பின் நடத்தையை அது விளக்குகிறது. மேலாண்மைப் பயிலரங்குகளில் இன்று ஒரு தத்துவம்போலப் பேசப்பட்டாலும், அது பிறந்தது என்னவோ நீராவி எஞ்சினிலும் பீரங்கி மேடையிலும்தான்.

1788-இல் ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினில் சுழலும் இரண்டு குண்டுகள் கொண்ட வேகக் கட்டுப்படுத்தியைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஒடுங்கி நீராவியைத் திறந்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட எஞ்சின்களில் சில, குறித்த வேகத்தில் நிற்காமல் அதற்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருந்தன. கட்டுப்படுத்தவென்று வைத்த கருவியே ஆட்டத்தைப் பெருக்குவதும் உண்டு. அது எப்போது அடங்கும், எப்போது பெருகும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் கணிதமாக எழுதினார். 1927-இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில், தொலைபேசிப் பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளே திருப்பினால் ஒலிச் சிதைவு குறையும் என்று கண்டார். கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்தும் வைத்தார். நார்பர்ட் வீனர் 1948-இல் வெளியிட்ட ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூல், விலங்குக்கும் இயந்திரத்துக்கும் இதே பின்னூட்டம் பொது என்று வாதிட்டது. உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்டலான்ஃபி பொது அமைப்புக் கோட்பாட்டை வேறொரு பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சினுக்கும் பெருக்கிக்கும் கண்ட இந்தக் கணக்கை நிறுவனங்களுக்குள் கொண்டுபோனவர் ஜே ஃபாரஸ்டர். நெப்ராஸ்காவின் மாட்டுப் பண்ணை ஒன்றில் வளர்ந்தவர், 1918-இல் பிறந்தவர். பள்ளியின் கடைசி ஆண்டில் பழைய கார் பாகங்களைச் சேர்த்து 12 வோல்ட் காற்றாலை ஒன்றைக் கட்டி, பண்ணைக்கு முதன்முதலாக மின்சாரம் கொண்டுவந்தார். எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகத்தில் ராடார் ஆண்டெனாக்களையும் பீரங்கிகளையும் குறி பிசகாமல் திருப்பும் கருவிகளில் வேலை செய்தார். 1943-இல் அப்படியொரு சோதனைக் கருவி பழுதானதும் அதைச் சரிசெய்யப் பேர்ல் ஹார்பர் போனார். வேலை முடியும் முன்பே லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பல் போருக்குக் கிளம்பிவிட, அவரும் கூடவே போய், டார்பிடோ அடிபட்ட கப்பலில் திரும்ப வேண்டியதாயிற்று. போருக்குப் பின் வேர்ல்விண்ட் கணினியை உருவாக்கிய குழுவை நடத்தினார். அதற்காகச் செய்த காந்த வளைய நினைவகம் பிற்பாடு கணினித் துறையையே ஆண்டது. இவ்வளவும் செய்தவர் 1956-இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்கு இடம் மாறினார். கணினித் துறையில் செய்ய வேண்டிய முன்னோடி வேலை முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். இது தவறிய கணிப்பு என்றாலும் மேலாண்மைக்கு லாபமாகிப்போனது.

அங்கே அவரைத் தேடி வந்த சிக்கல், கென்டக்கியில் ஜெனரல் எலக்ட்ரிக் நடத்திய வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகளைப் பற்றியது. சில ஆண்டுகள் மூன்று, நான்கு ஷிப்ட் ஓடும். அடுத்த சில ஆண்டுகளில் பாதிப் பேருக்கு வேலை போகும். சந்தையின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று நிர்வாகம் நம்பியது. ஃபாரஸ்டர் ஆட்களைச் சேர்ப்பதும் சரக்கு இருப்பு வைப்பதும் எப்படித் தீர்மானமாகின்றன என்று கேட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டார். இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று வாரத்துக்கு வாரம் பென்சிலால் கணக்கிட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தபோதும் ஆள் எண்ணிக்கை ஆடியது. இருப்புக் குறைவதைக் கண்டு ஆள் சேர்ப்பார்கள். அவர்கள் செய்த சரக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் ஆள் சேர்த்திருப்பார்கள். பிறகு கிட்டங்கி நிரம்பி வழியும். வாட் எஞ்சினின் ஊசலாட்டம் இங்கே சம்பளப் பட்டியலில் தெரிந்தது. குற்றவாளி வெளியே இல்லை.

இதைப் புரியவைக்க எம்.ஐ.டி.யில் ஒரு பலகை விளையாட்டு உருவானது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், பீர் ஆலை என்று நால்வர் வரிசையாக உட்கார்ந்து, பேச்சே இல்லாமல், வாராவாரம் சரக்குக்குச் சீட்டு எழுதுவார்கள். வாடிக்கையாளரின் தேவை ஐந்தாவது வாரத்தில் 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாகும். அதோடு சரி, பிறகு மாறவே மாறாது. அந்த ஒரே அசைவு ஆலையை எட்டும்போது வெள்ளமாகவும் பிறகு வறட்சியாகவும் உருவெடுத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் திட்டுவது அடுத்த நாற்காலியில் இருப்பவரையோ கண்ணில் படாத வாடிக்கையாளரையோதான்.

ஃபாரஸ்டர் 1961-இல் ‘தொழில் இயக்கவியல்’ நூலை வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. பாஸ்டன் மேயராக இருந்து 1968-இல் ஓய்வுபெற்ற ஜான் காலின்ஸ் எம்.ஐ.டி.யில் அவருக்குப் பக்கத்து அறைக்கு வர, 1969-இல் ‘நகர இயக்கவியல்’ பிறந்தது. குறைந்த வாடகை வீடுகளைக் கட்டிக் குவிப்பது நகரின் ஏழ்மையைக் கூட்டும் என்ற அதன் முடிவு பலரைக் கொதிக்கவைத்தது. மாதிரியில் புறநகரே இல்லை என்று விமர்சகர்கள் சுட்டியதில் நியாயம் இருந்தது. 1970-இல் ரோம் மன்றத்தின் கூட்டத்துக்கு சுவிட்சர்லாந்து போய்த் திரும்பும்போது விமானத்திலேயே உலகம் முழுமைக்கும் ஒரு மாதிரியைக் கோடிட்டார். அந்த வழியில் வந்ததுதான் டொனெல்லா மெடோஸ் குழுவினர் 1972-இல் எழுதிய ‘வளர்ச்சியின் எல்லைகள்’. சஸெக்ஸ் பல்கலைக்கழகக் குழுவொன்று அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டது: ஊகத்தை மாற்றினால் முடிவும் மாறுகிறது, தொழில்நுட்ப முன்னேற்றத்துக்கு உரிய இடம் இல்லை என்பது வாதம். தொழிற்சாலை ஒன்றில் சரக்கை எண்ணிச் சரிபார்க்கலாம். உலகத்தை அப்படி எண்ண முடியாது. மாதிரி பெரிதாகப் பெரிதாக அதைச் சோதிக்கும் வழி சுருங்குவது இந்தத் துறையின் தீராத சங்கடம்.

சோதிக்க முடிந்த இடத்தில் அதன் வலிமை எப்படிப்பட்டது என்பதற்கு இணையமே சாட்சி. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய தரவு, விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. இரண்டுக்கும் தூரம் 400 கெஜம்தான். நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வரலாம். கம்பி அறுபடவில்லை, கணினி கெடவில்லை. நெரிசலில் ஒரு பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, தாமதமானால், அது தொலைந்தது என்று எண்ணி அனுப்பிய கணினி மறுபடி அனுப்பும், அதனால் நெரிசல் ஏறும், இன்னும் தாமதமாகும். வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் வட்டத்தின் திசையைத் திருப்பினார்கள். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு வேகத்தைக் குறை, வழி திறந்தால் மெதுவாகக் கூட்டு என்று ஒவ்வொரு கணினிக்கும் விதி வகுத்தார்கள். புதிதாக ஒரு கம்பிகூட இழுக்கப்படவில்லை. 1988-இல் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரை, வலையமைப்புத் துறையினர் இன்றும் படிக்கும் ஒன்று.

பாதுகாப்புப் பொறியியலிலும் இதே பார்வை நுழைந்தது. 1999 டிசம்பரில் செவ்வாயில் இறங்கவிருந்த மார்ஸ் போலார் லாண்டர் தொலைந்தது. கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைத் தரை தொட்டதாகக் கொண்டு மென்பொருள் எஞ்சினை அணைத்திருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் முடிவு. கால்கள் விரிந்தது சரி, உணரி அதிர்வைச் சொன்னதும் சரி, மென்பொருள் எழுதிக்கொடுத்தபடி நடந்ததும் சரி. எம்.ஐ.டி.யின் நான்சி லெவ்சன், இத்தகைய விபத்தை உடைந்த பாகத்தைத் தேடி விளக்க முடியாது, பாகங்களின் உறவில் கட்டுப்பாடு போதாமல் போனதாகப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படையில் ஒரு பகுப்பாய்வு முறையையே கட்டினார்.

இணையத்தின் கதை 1988-இல் முடியவில்லை. நினைவகம் மலிவானதும் ரவுட்டர், மோடம் செய்வோர் பாக்கெட் தொலையாதிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பஃபர்களை, அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடத்தை, தாராளமாகப் பெருக்கினார்கள். ஆனால் தொலைந்த பாக்கெட்தான் ‘வேகத்தைக் குறை’ என்று சொல்லும் செய்தி. அது வர நேரமாகவே கணினிகள் அனுப்பிக்கொண்டே இருந்தன; வரிசை நிரந்தரமாக நிரம்பிக் கிடந்தது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தம் வீட்டு இணைப்பு ஏன் இழுத்தடிக்கிறது என்று துருவப்போய் இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து தந்த தீர்வு, வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒரு பாக்கெட் அதில் எத்தனை நேரம் காத்திருக்கிறது என்பதைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிவிநாடி நீடித்தால், இடம் மிச்சமிருந்தாலும் பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தூக்கி எறியத் தொடங்குகிறது. அந்த ஆண்டே லினக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது.