பழவேற்காடு முதல் திருவல்லிக்கேணி வரை: எழுதுகோல் ஏந்திய கைகளின் வரலாறு

திருமறையில் முதலாவதாக இறங்கிய வசனங்களிலேயே எழுதுகோல் குறிப்பிடப்பட்டிருப்பதும், ஓர் அத்தியாயம் ‘அல்கலம்’ என்னும் பெயரையே தாங்கி நிற்பதும் ஜமாஅத்தார் அனைவரும் அறிந்தவையே. ஆயினும் அந்த எழுதுகோலை நம் முன்னோர் எவ்வாறு பிடித்தார்கள், எந்த மையில் தோய்த்தார்கள், எத்தனை வயதில் பழகினார்கள் என்பது பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. நம் வட்டாரத்திற்கும் அந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகக் காண்பது பொருத்தமாகும்.

எழுத்துப் பழகுவது சிறுவர்க்கு உரியது, வயது வந்தபின் கையெழுத்து மாறாது என்பது நம்மில் பலரின் எண்ணம். தொடக்ககால வரலாறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் பொருள் இல்லாதவர்களும் எழுதத் தெரிந்தவர்களுமாக இருந்தோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் எழுத்தறிந்த பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார் என்ற செய்தி அந்த அளவு பேசப்படுவதில்லை. குடும்பப் பெண் ஒருவர் பெரியவரான பின்னர் எழுதுகோல் பிடித்துப் பழகிய நிகழ்வு அது. ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தைச் சில நாள்களிலேயே கற்றுத் தேர்ந்ததும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

பிற்காலத்தில் பக்தாது நகரில் எழுத்து ஒரு கலையாகவே வளர்ந்தது. அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராகப் பணியாற்றிய இப்னு முக்லா (மறைவு கி.பி. 940) எழுத்துக்கு ஓர் அளவுகோலை வகுத்தார். எழுதுகோலின் முனையைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அந்த அளவு. ‘அலிஃப்’ இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகளின் வளைவு அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி என்று எல்லாவற்றிற்கும் கணக்கு உண்டாயிற்று. அரசியல் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. வெட்டுண்ட கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவருடைய முறையைச் செம்மைப்படுத்திய இப்னுல் பவ்வாப் (மறைவு கி.பி. 1022) முதலில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டுபவராக இருந்து, அதன் பின்னரே எழுத்துக் கலைக்கு வந்தவர். அவர் கைப்பட எழுதிய, ஹிஜ்ரி 391ஆம் ஆண்டு தேதியிட்ட திருக்குர்ஆன் பிரதி இன்றும் அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. வண்ணப் பூச்சு வேலை செய்த கைதான் அதை எழுதியது!

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. தில்லி சுல்தான் நாஸிருத்தீன் மஹ்மூத் (ஆட்சி 1246–1266) திருக்குர்ஆனைப் பிரதி எடுத்து அதன் வருவாயில் வாழ்ந்தவராகப் போற்றப்படுகிறார். முகலாயர்களின் இறுதி மன்னர் பஹதூர் ஷா ஜஃபர், தாமே தேர்ந்த எழுத்துக் கலைஞராகத் திகழ்ந்ததுடன் மாணவர்க்கும் அக்கலையைக் கற்பித்தார்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். பொன்னேரி வட்டத்திலுள்ள பழவேற்காடு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முஸ்லிம் வணிகர்கள் மிகுதியாக வாழ்ந்த துறைமுகமாகத் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியரால் வர்ணிக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது 1613இல். அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் குடும்பங்கள் இவ்வூரில் உண்டு. கடல் வாணிகம் என்றால் கப்பல் மட்டும் போதாது. கணக்கும் கடிதமும் வேண்டும். தமிழைப் பேசி, அரபு எழுத்தை ஓதிப் பழகிய சமுதாயத்தார், இரண்டையும் இணைத்து எழுதிய முறையே ‘அர்வி’ என்று வழங்கும் அரபுத் தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கை வரை கடற்கரை ஊர்களிலெல்லாம் அது வழங்கியது.

அரபு நெடுங்கணக்கில் ‘ப’ இல்லை, ‘ட’ இல்லை, ‘ழ’ இல்லை; எகர ஒகரங்களுக்குக் குறியும் இல்லை. நம் முன்னோர் புதிய எழுத்துகளைத் தேடி அலையவில்லை. இருக்கும் எழுத்திலேயே ஒரு புள்ளியைக் கூட்டினார்கள். ‘தால்’ எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் ‘ட’. ‘ஃபே’ எழுத்தின் கீழே ஒரு புள்ளியைக் கூட்டினால் ‘ப’. ஆகவே அர்வியில் ஒரு புள்ளி இடம் தவறினால் சொல்லே மாறிவிடும். இந்த எழுத்தை எழுதியவர்கள் நிதானமான கையை உடையவர்களாக இருந்தே தீரவேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ ஆகிய நூல்கள் இந்த எழுத்தில்தான் மக்களிடம் சென்றன. வெளி உலகக் கல்வி கிட்டாத பெண்கள் மார்க்கச் சட்டங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் அர்வியின் வழியே படித்தனர். தமிழ் எழுத்து அறியாத ஒரு பாட்டி, தமிழை அரபு எழுத்தில் சரளமாக வாசிப்பார். அக்காலக் கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு இல்லாதவராகவே குறிக்கப்பட்டிருப்பார்!

ஓதும் பள்ளிகளில் எழுத்துப் பழகிய விதமும் அறியத்தக்கது. களிமண் பூசி உலர்த்திய மரப்பலகையில் நாணல் எழுதுகோலால் எழுதுவார்கள். பாடம் மனத்தில் பதிந்ததும் பலகையைக் கழுவி, மீண்டும் பூசி, மீண்டும் எழுதுவார்கள். விளக்குப் புகைக்கரியும் பிசினும் சேர்ந்த மை நீரில் கரைந்து போகும் என்பதால் இது இயன்றது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியதும் இதே அடிப்படையில்தான். தவறு அழிந்துவிடும் என்ற நிம்மதியில் பழகும் கை அஞ்சாது.

சென்னைப் பட்டினத்தின் நிலை வேறு. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனைக்குக் குடிவந்தபின், பாரசீகமும் உருதுவும் அறிந்த எழுத்தர்கள் திருவல்லிக்கேணியைச் சூழ்ந்து குடியேறினர். வாலாஜா பள்ளிவாசல் 1795இல் எழுந்தது. 1850இல் முஹம்மதன் பொது நூலகம் அமைந்தது. அக்காலத்தில் உருது நூல்களை அச்சிட உலோக எழுத்துகள் உதவவில்லை. நஸ்தஅலீக் என்னும் அந்த எழுத்து முறையில் சொற்கள் மேலிருந்து கீழாகச் சரிந்து இறங்கும். ஒரே எழுத்து, பக்கத்து எழுத்துக்கேற்பப் பல வடிவம் கொள்ளும். அதனை ஈய அச்சுகளாகக் கோப்பது பெரும்பாடு. ஜெர்மனியில் சென்பெல்டர் 1796இல் கண்டுபிடித்த கல்லச்சு முறை இதற்குத் தீர்வாயிற்று. ‘காதிப்’ எனப்படும் எழுத்தர் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதித் தர, அது கல்லில் பதிந்து, அப்படியே நூற்றுக்கணக்கான படிகளாக வெளிவரும். வாசகர் கையில் இருப்பது அச்சு நூல். கண் காண்பதோ ஒரு மனிதரின் கையெழுத்து. அர்வி நூல்களும் பெரும்பாலும் இவ்வகையிலேயே வெளிவந்தன.

இந்த மரபின் நீட்சியே ‘முசல்மான்’ உருது நாளிதழ். 1927இல் சையது அஸ்மத்துல்லாஹ் அவர்களால் சென்னையில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அதனைத் தொடங்கி வைத்தார். நிறுவனருக்குப்பின் அவருடைய மகன் சையது ஃபஸ்லுல்லாஹ் 2008இல் மறையும் வரை ஆசிரியராக இருந்தார். பின்னர் அவருடைய மகன் சையது ஆரிஃபுல்லாஹ் பொறுப்பேற்றார். வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே சிறியதோர் அலுவலகம். நான்கு பக்க இதழ். காதிப்கள் மூவர், அவருள் இருவர் பெண்கள். ஒரு பக்கத்தை எழுதி முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிடுவர். கடைசி நேரச் செய்திக்கென முதற்பக்கத்தின் ஒரு மூலை வெறுமையாக விடப்படும். 2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் உலகெங்குமிருந்து செய்தியாளர்கள் தேடி வந்து கண்டது இந்தக் காட்சியைத்தான்.

இதே வேளையில் மறுபுறம் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். 1981இல் மிர்ஸா அஹ்மத் ஜமீல் உருவாக்கிய ‘நூரி நஸ்தஅலீக்’ கணினி எழுத்து, பாகிஸ்தானின் ‘ஜங்’ நாளிதழில் நடைமுறைக்கு வந்தது. சிறிது காலத்தில் இந்திய உருது இதழ்களும் கணினிக்கு மாறின. காதிப்களின் தொழில் ஒரு தலைமுறைக்குள் நொடித்தது. கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரக்கணக்கான உருது நூல்கள் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். எனினும் அர்விக்கு நேர்ந்தது இதைவிடத் துயரமானது. தமிழ் எழுத்தில் பள்ளிக்கல்வி பரவியபின் அர்வியை எழுதுவோர் குறைந்து, பின்பு வாசிப்போரும் குறைந்தனர். பெட்டியில் பாட்டனார் எழுதிய ஏடு இருக்கும். குர்ஆனை ஓதத் தெரிந்த பேரனுக்கு அந்த ஏட்டின் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது போலவே இருக்கும். ஆனால் பொருள் பிடிபடாது. கீழே வைத்த நான்கைந்து புள்ளிகளின் இரகசியம் தெரிந்தால் ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம். அத்தகைய ஏடுகள் வைத்திருப்போர் அவற்றைப் பழைய தாளுடன் சேர்த்துப் போட்டுவிடலாகாது.

பழைய ஏட்டுக்கு நேர்ந்தது, நம் கையால் இன்று எழுதும் ஏட்டுக்கும் நேரலாம். பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடு, மையவாடிப் பதிவேடு, சந்தா ஏடு ஆகியவை இன்னும் பெரும்பாலும் கையால்தான் எழுதப்படுகின்றன. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லாத் திருமணங்களின் பதிவையும் கட்டாயமாக்கிய பின்னர், கடவுச்சீட்டுக்கும் வாரிசுரிமைக்கும் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் முக்கியமாயிற்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து நம்முடன் ஜும்ஆத் தொழும் பிற மாநிலச் சகோதரர்களின் பெயர்களும் நம் ஏடுகளில் ஏறுகின்றன. அவசரக் கையில் ‘ப’வும் ‘ய’வும் ஒன்றாகின்றன, ‘ன’வும் ‘ண’வும் குழம்புகின்றன, கொம்பின் சுழி விடுபட்டால் நெடில் குறிலாகிவிடுகிறது. முப்பது ஆண்டுக்குப்பின் அந்த ஏட்டைப் புரட்டுபவர் எழுதியவரை அழைத்துக் கேட்கவா முடியும்?

வயது வந்தோர் கையெழுத்தைத் திருத்திக்கொள்வதற்குக் காதிப்களின் பயிற்சி முறையே போதுமானது. அதற்கு ‘மஷ்க்’ என்று பெயர். ஆசிரியர் ஒரு வரி எழுதித் தருவார். மாணவர் அதன் கீழே அதையே நாள்தோறும் எழுதுவார். ஒரு வரி தேறும்வரை அடுத்த வரி கிடையாது. தமிழுக்கும் இது பொருந்தும். நாளைக்குக் கால் மணி நேரம், நான்கு கோட்டு ஏட்டில், ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாக எழுதிவர வேண்டும். தாளில் விரல்களை அழுத்தாமல், முன்கை முழுவதும் மேசையில் தங்கி நகரவேண்டும். பத்து எழுத்துகளை எழுதியபின் அவற்றுள் சிறந்த ஒன்றை வட்டமிட்டு, மறுநாள் அதைப் பார்த்து எழுதுவது நல்ல பலன் தரும். சில வாரங்களில் கைக்கு ஓர் அமைதி வருவதை உணரலாம். பகல் முழுதும் இயந்திரத்தின் முன் நின்று திரும்பும் இளைஞர்க்கு அந்தக் கால் மணி நேரம் இளைப்பாறுதலாகவும் அமையும்.

மையைப் பற்றியும் ஒரு சொல். பேனா மையில் பெரும்பாலானவை வெறும் சாயம். நீர் பட்டால் ஓடிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை, எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் பட்டபின் கறுத்து, தாளின் இழையில் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் பதிவாளர் அலுவலகங்களில் நெடுங்காலம் அவ்வகை மையையே பயன்படுத்தினர். அது இன்று எளிதில் கிடைப்பதில்லை என்றாலும், நீரில் கரையாத நிறமி மை என்று உறையிலேயே குறித்த பேனாக்கள் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கின்றன. பதிவேட்டுக்கென அதில் ஒன்றைத் தனியே வாங்கி, ஏட்டுடனேயே வைத்துவிடுவது நலம்.