சொட்டும் குழாயும் வற்றும் குழாயும்

2021ஆம் ஆண்டில் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 17ஆம் நாள் வந்தது. தவக்காலத்தின் அந்த முதல் நாளில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன், ஆஸ்டின் ஆகிய பெருநகரங்களின் மக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று: குழாய் நீரைக் கொதிக்க வைத்த பின்னரே பருக வேண்டும். ஆனால் எத்தனையோ இல்லங்களில் கொதிக்க வைப்பதற்குத் தண்ணீரே இல்லை. தண்ணீர் வந்த இல்லங்களிலும் அடுப்பு எரிய மின்சாரம் இல்லை. முற்றமெங்கும் வெண்பனி கிடக்க, வீட்டினுள்ளே ஒரு குவளை நீருக்கு மக்கள் தவித்தனர்.

டெக்சாஸ் வெப்ப நாடு. அங்கு வீடு கட்டுவோர் வெயிலை வெளியே நிறுத்துவதைப் பற்றிக் கவலைப்படுவார்களே ஒழிய, குளிரைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. வடமாநிலங்களில் நீர்க்குழாய்களைப் பூமிக்குள் ஆழப் புதைத்து, வீட்டின் உட்சுவர்கள் வழியே கொண்டு செல்வது வழக்கம். இங்கேயோ, பல வீடுகளில் அவை கூரைக்கடியிலுள்ள பரணிலும் வெளிச்சுவரிலும் போர்வையின்றி ஓடுகின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர்கள், இத்தகைய குழாய்களுக்கு ஏறத்தாழ 20 பாரன்ஹீட், அதாவது உறைநிலைக்குக் கீழே 7 செல்சியஸ் பாகையில் ஆபத்து தொடங்குகிறது என்று கண்டிருந்தனர். பிப்ரவரி 16 அன்று டாலஸ் நகரில் உறைநிலைக்குக் கீழே 19 பாகையும், கடலோர ஹூஸ்டனில் 10 பாகையும் பதிவாயின.

முந்தைய நாள் பின்னிரவில் மாநிலத்தின் மின்வலையே சரிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. இன்னும் நான்கரை நிமிடங்கள் அதே நிலை நீடித்திருந்தால் மாநிலம் முழுவதும் இருண்டு, வாரக்கணக்கில் மீள இயலாமற் போயிருக்கும் என்று பின்னர் அதிகாரிகள் கூறினர். அதைத் தடுக்கப் பகுதி பகுதியாக மின்சாரத்தைத் துண்டித்தார்கள். உச்சவேளையில் 45 இலட்சம் இல்லங்கள் இருளில் கிடந்தன. அங்குள்ள வீடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரத்தாலேயே சூடேற்றப்படுபவை; ஆகவே விளக்கு அணைந்தபோது வீடும் குளிர்ந்தது, வீடு குளிர்ந்தபோது குழாயும் உறைந்தது. அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. பெரும்பாலோர் குளிரால் மாண்டவர்கள்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பனிக்கட்டி உட்புறமிருந்து நெருக்கித்தான் குழாயை வெடிக்கச் செய்கிறது என்று நாம் எண்ணக்கூடும். பெரும்பாலும் நிகழ்வது வேறு. சுவருக்குள் ஓரிடத்தில் பனி அடைப்பு உண்டாகிறது; அதற்கும் மூடிய குழாய் முனைக்கும் இடையே சிறிது நீர் சிறைப்படுகிறது. அடைப்பு வளர வளர, சிறைப்பட்ட நீரின் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே குழாயைப் பிளக்கிறது. முனையைச் சிறிது திறந்து நீரைச் சொட்ட விட்டால் அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. ‘குளிர் வருகிறதென்றால் குழாயைச் சொட்ட விடு’ என்று அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாட்டிமார் சொல்லிவந்த அறிவுரைக்கு இவ்வாறு நல்ல காரணம் உண்டு.

ஆனால் அந்த அறிவுரை ஒரு வீட்டைக் கருதிச் சொல்லப்பட்டது. ஒரு வீட்டில் நிமிடத்திற்கு அரை லிட்டர் ஒழுகினால் நாளொன்றுக்கு 720 லிட்டர் ஆகும். ஓர் இலட்சம் வீடுகள் அவ்வாறு செய்தால் 7 கோடி லிட்டருக்கு மேல் எவருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போகும். அச்சத்தில் இருப்பவர் சொட்டுச் சொட்டாகவா விடுவார்? இரண்டு மூன்று குழாய்களை நன்றாகவே திறந்து வைப்பார். போதாததற்கு, குளியல் தொட்டியையும் வாளிகளையும் ஒரே மாலையில் ஊரே நிரப்பிக் கொள்ளும். இவற்றோடு, ஆளற்ற வீடுகளிலும் பூட்டிய அலுவலகங்களிலும் பிளந்த குழாய்கள் கேட்பாரற்று ஓடும்.

இதுதான் ஆஸ்டினில் நடந்தது. வெடித்த குழாய்களால் 32 கோடியே 50 இலட்சம் காலன் நீர், அதாவது 120 கோடி லிட்டருக்கும் மேல் வீணாயிற்று என்று நகர நீர்த்துறையின் இயக்குநர் அறிவித்தார். தேக்கத் தொட்டிகள் வற்றிக்கொண்டிருந்த வேளையில், நகரின் மிகப்பெரிய சுத்திகரிப்பு நிலையமும் மின்சாரம் இழந்தது. ஹூஸ்டன் நகராட்சி, குழாய் உறையாதிருக்கத் தண்ணீரை ஓடவிட வேண்டாம் என்று மக்களை வேண்டிக்கொண்டது. குடும்பத் தலைவியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நேற்றுவரை ‘சொட்ட விடு’ என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இன்று ‘மூடு’ என்கிறார்கள். மூடினால் சுவர் பிளந்து வீடு நனையும். திறந்தால் மேட்டிலுள்ள முதியவருக்குத் தண்ணீர் எட்டாது. அந்த முதியவரை அவள் அறியமாட்டாள். தன் சுவரையோ நன்கு அறிவாள்.

அழுத்தம் குறைவது வெறும் வசதிக்குறைவு அன்று. பூமிக்கடியிலுள்ள குழாய்களில் விரிசலில்லாத ஊர் கிடையாது. உள்ளே அழுத்தம் போதிய அளவு இருக்கும்வரை நீர் விரிசல் வழியே வெளியே கசியும். அழுத்தம் வீழ்ந்தால் வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவேதான் சதுர அங்குலத்திற்கு 20 பவுண்டு என்ற அளவுக்குக் கீழே அழுத்தம் போனால் கொதிக்க வைக்கும் அறிவிப்பை வெளியிட வேண்டும் என்பது அங்கே விதி. மாநிலமெங்கும் சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் அந்த வாரத்தில் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். ஹூஸ்டனில் பிப்ரவரி 21இலும், ஆஸ்டினில் 23இலும் அறிவிப்பு விலக்கப்பட்டது.

அந்நாட்களில் இல்லங்கள் நடத்திய நீர்ச்சிக்கனம் தனியாக எழுதத் தக்கது. அமெரிக்க வீட்டின் கழிப்பறை ஒருமுறை 6 லிட்டர் கேட்கிறது. குடிநீர்ப் புட்டிகளை அதற்கா ஊற்றுவது? மக்கள் வாளி வாளியாகப் பனியை அள்ளிவந்து உருக்கினர். புதிதாய்ப் பெய்த பனி பத்து வாளி உருகினால் ஏறத்தாழ ஒரு வாளி நீர்தான் கிடைக்கும் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர். நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள் அக்கம்பக்கத்தாரை வாளியோடு வரச் சொன்னார்கள். வீட்டு மூலையில் நிற்கும் வெந்நீர்த் தொட்டியில் 150 லிட்டருக்குக் குறையாத நல்ல நீர் இருப்பதும், அதன் அடியிலுள்ள திருகைத் திறந்து அதைப் பிடிக்கலாம் என்பதும் சிலருக்கே நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று: தெருக்குழாயிலிருந்து தம் வீட்டிற்கு நீர் வரும் வழியை மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை. அதை மூடி, வீட்டுக் குழாய்களிலுள்ள நீரை வடித்துவிட்டால் உறைவதற்கு உள்ளே எதுவும் இராது, பொதுநீரும் ஒழுகாது. சொட்ட விடுவதற்கும் மூடி வைப்பதற்கும் இடையே தவித்த அந்தத் தாய்க்கு இருந்த வழி இது ஒன்றே. அதை யாரும் கோடைகாலத்திலேயே அவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை.

இக்குளிர் முன்பின் அறியாத ஒன்று என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை. 1989 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் அதே மாநிலம் இவ்வாறே உறைந்து மின்தடையைக் கண்டது. 2011க்குப் பின் நடுவண் அமைப்புகள் நீண்ட ஆய்வறிக்கை ஒன்றை அளித்து, நிலையங்களைக் குளிர்தாங்கச் செய்யுங்கள் என்று பரிந்துரைத்தன. அவ்வாண்டில் மிகவும் அவதிப்பட்ட எல் பாசோ நகரின் மின்நிறுவனம் அதைச் செய்தது. 2021இல் அந்நகரில் மின்சாரம் இழந்தோர் மிகச் சிலரே. எல் பாசோ வேறு மின்வலையைச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் பரிந்துரை ஏட்டளவில் நின்றது. 2021 ஜூனில்தான், நீண்ட மின்தடையிலும் குறைந்தபட்ச அழுத்தத்தைக் காக்க நீர்நிறுவனங்கள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று டெக்சாஸில் சட்டமாயிற்று.

அதே வாரத்தின் புயல் கிழக்கே மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனையும் தாக்கியது. அங்கே மின்வலை சரியவில்லை. ஆயினும் துன்பம் நீண்டது. திறந்தவெளியில் அமைந்திருந்த சுத்திகரிப்பு நிலையக் கருவிகள் உறைந்தன. நூறாண்டு கண்ட இரும்புக் குழாய்கள் தெருத்தெருவாக உடைந்தன. பிப்ரவரி 16இல் வந்த கொதிக்க வைக்கும் அறிவிப்பு மார்ச் 17 வரை, ஒரு மாதம் நீடித்தது. கழிப்பறைக்கு ஊற்றும் நீரை வாங்கவே மக்கள் வாகனங்களில் வரிசையில் நின்றனர்.

நிலையம் நகரின் வடகிழக்கே நீர்த்தேக்கத்தின் அருகில் இருக்கிறது. தெற்கு ஜாக்சன் அதற்கு வெகுதூரத்தில், மேட்டில் இருக்கிறது. ஆற்றுப்பாசனம் அறிந்த நமக்குக் கடைமடை என்ற சொல் ஒன்றே போதும். தலைமடையில் எவர் எவ்வளவு திறந்தாலும், முதலில் வற்றுவதும் கடைசியாக நிறைவதும் கடைமடையே. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1970இல் பள்ளிகளில் இனப்பிரிவினை ஒழிக்கப்பட்ட பின் வெள்ளையர் படிப்படியாகப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1980இல் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020இல் ஒன்றரை இலட்சமாயிற்று. அவர்களுள் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தார். குழாய்களின் நீளம் குறையவில்லை. அவற்றுக்குக் கட்டணம் செலுத்துவோரே குறைந்தனர். நடுவண் சுற்றுச்சூழல் முகமை 2020 மார்ச்சிலேயே அவசர ஆணை பிறப்பித்திருந்தும் நிலைமை மாறவில்லை. 2022 ஆகஸ்டு இறுதியில் நிலையம் செயலிழந்து நகரமே நீரற்றுப் போனபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றத்தின் வழியாகத் தனி மேலாளர் நியமிக்கப்பட்டார். டிசம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றம் 60 கோடி டாலர் ஒதுக்கியது. அதே மாதத்தில், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, குளிரில் குழாய்கள் உடைந்து மீண்டும் அழுத்தம் வீழ்ந்தது.

2024 ஜனவரியில் இன்னொரு உறைகுளிர் வந்தது. குழாய்கள் சில உடைந்தன. அப்போது, தண்ணீர் நிறுத்தப்படப்போகிறது, குளியல் தொட்டிகளை நிரப்பிக்கொள்ளுங்கள் என்ற பொய்ச்செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. மக்கள் நிரப்பினர், அழுத்தம் மேலும் வீழ்ந்தது என்று மேலாளரின் நிறுவனம் தெரிவித்தது. அந்த மக்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 2021இல் ஒரு மாதம், 2022 கோடையில் ஆறு வாரங்களுக்கு மேல் கொதிக்க வைத்த நீரோடு வாழ்ந்த ஒரு தாய், தொட்டியை நிரப்பு என்ற செய்தியைக் கேட்டதும் எழுந்துபோய்க் குழாயைத் திறக்காமல் வேறென்ன செய்வாள்? அவள் திறந்த அந்த மாலையில், அவள் தெருவுக்கும் தெற்கேயுள்ள மேட்டு வீடுகளில் குழாய் காற்றை ஊதிக்கொண்டிருந்திருக்கும்.