சென்னையில் மறைந்த ஸ்டோனும் மாதிரிக் கோட்பாட்டின் வெளியும்

மாதிரிக் கோட்பாட்டை (மாடல் தியரி) முதுநிலையில் பயிலத் தொடங்கும் மாணவர் விரைவிலேயே 'ஸ்டோன் வெளி' என்னும் சொல்லைச் சந்திப்பார். அப்பெயருக்குரிய அமெரிக்கக் கணிதவியலாளர் மார்ஷல் ஸ்டோன் 1989 ஜனவரி 9 அன்று சென்னையில் காலமானார். அவருடைய வெளி தர்க்கவியலுக்குள் வந்து சேர்ந்த வரலாறு, வாளையாருக்கு இருபுறமும், பாலக்காட்டிலும் கோவையிலும், கணிதம் பயில்வோர் அறிய வேண்டிய ஒன்று.

1903இல் நியூயார்க்கில் பிறந்த ஸ்டோன் தர்க்கவியலாளர் அல்லர். ஹில்பர்ட் வெளியின் நேரியல் உருமாற்றங்கள் குறித்து 1932இல் பெருநூல் ஒன்றை எழுதியவர். அந்த ஆய்வே அவரைப் பூலியன் இயற்கணிதத்துக்கு இட்டுச் சென்றது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் 'டிரான்சாக்ஷன்ஸ்' இதழில் வெளியான அவருடைய இரு கட்டுரைகள் ஓர் உண்மையை நிறுவின: எந்தப் பூலியன் இயற்கணிதத்தையும் ஒரு காம்பாக்ட் வெளியின் திறந்தும் மூடியும் உள்ள உட்கணங்களாகக் காணலாம். அவ்வெளியின் புள்ளிகள், அந்த இயற்கணிதத்தின் அல்ட்ராஃபில்டர்கள்.

தர்க்கவியலில் இதற்குப் பொருள் என்ன? ஒரு கோட்பாட்டின் வாய்பாடுகள், அக்கோட்பாட்டில் சமமானவற்றை ஒன்றெனக் கொண்டால், பூலியன் இயற்கணிதமாக அமைகின்றன. ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என முரணின்றி விடை தரும் முழுத் தொகுப்பை 'டைப்' என்கிறோம். அதுவே அல்ட்ராஃபில்டர், அதுவே ஸ்டோன் வெளியின் ஒரு புள்ளி. கோடெல் 1930இலும் மால்ட்சேவ் 1936இலும் தந்த காம்பாக்ட்னஸ் தேற்றத்தை இவ்வெளியின் காம்பாக்ட் தன்மையாகவே வாசிக்கலாம். பெயர் ஒற்றுமை தற்செயலன்று.

1954இல் போலந்துக் கணிதவியலாளர் வோஷ் ஒரு வினா எழுப்பினார்: எண்ணத்தக்க மொழியில் அமைந்த ஒரு கோட்பாட்டுக்கு, எண்ணவியலாத ஓர் அளவில் ஒரே ஒரு மாதிரிதான் உண்டென்றால், அத்தகைய எல்லா அளவுகளிலும் அப்படியே அமையுமா? ஆம் என்று நிறுவினார் மைக்கேல் மோர்லி. 1962இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியபோது ஸ்டோன் அங்கே பேராசிரியர். மோர்லியின் கட்டுரை 1965இல் அதே 'டிரான்சாக்ஷன்ஸ்' இதழில் வந்தது. ஸ்டோன் வெளியில் தனித்த புள்ளிகளைப் படிப்படியாக நீக்கிச் செல்லும் முறை அதன் மையத்தில் இருக்கிறது.

ஓர் ஒப்பீடு இதை விளக்கும். விகிதமுறு எண்களின் வரிசையை எடுத்துக்கொண்டால், அவற்றின்மேல் அமையும் டைப்கள் எண்ணவியலாதவை; ஒவ்வொரு மெய்யெண்ணும் ஒரு வெட்டைத் தருகிறது. எண்ணத்தக்க, இயற்கணித முறையில் மூடிய புலத்தின்மேலோ, உறுப்புக்கு ஒன்றாகவும் கடந்த எண்ணுக்கு ஒன்றாகவும் எண்ணத்தக்க டைப்களே உள்ளன. மோர்லியின் தேற்றம் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

நம் முதுநிலைப் பாடத்திட்டங்களில் இடவியலும் ஃபங்ஷனல் அனாலிசிசும் பெரும்பாலும் கட்டாயப் பாடங்கள், தர்க்கவியல் அரிது. இந்தியத் தர்க்கவியல் மாநாடு 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் சென்னையிலேயே கூடியிருந்தும், மாதிரிக் கோட்பாடு தமக்குரியதன்று எனப் பல மாணவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். இந்த வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது. காம்பாக்ட் வெளியையும் ஹில்பர்ட் வெளியையும் கற்றவர், ஸ்டோன் புறப்பட்ட இடத்தில்தான் நிற்கிறார். வாளையாரில் மாநில எல்லை உண்டு. அங்கே தமிழ் நின்றுவிடுவதில்லை. கணிதத் துறைகளின் எல்லைகளும் அத்தகையனவே.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: மேற்கூறிய இரு எடுத்துக்காட்டுகளிலும் ஸ்டோன் வெளியின் தனித்த புள்ளிகள் எவை எனக் கண்டு எழுதுங்கள். விடைகளைக் கீழே விவாதிப்போம்.