கையில் கட்டிய கயிறு

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் கையோடு கை கோத்து, விரலைப் பிடித்தே ஆயிரமும் நூறும் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. பேரம் முறிந்தோ முடிந்தோ துண்டை எடுக்கும்போதுதான் கை வெளியே வரும். அப்படி வெளியே வந்த ஒரு கையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சென்ற மாசியில் ஒரு வியாழக்கிழமை. ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் பசுவை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பசுவைக் கேட்டு இருவர் வந்தார்கள். ஒருவன் இளைஞன், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, சட்டைப் பையில் மடித்து வைத்த வெள்ளைத் தொப்பி. பால் கறந்து ஊற்றுகிறவன் என்று சொன்னான். மற்றவர் நடுவயதுக்காரர், மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய கயிறு. இளைஞன் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பதாகச் சொல்லியும் பெரியவர் அசையவில்லை. என் காதருகே வந்து, “ஏனுங்க, இந்தப் பசு வளர்ப்புக்குப் போகோணுமுங்க. அந்தக் கையைப் பாருங்க, ஆத்தா கயிறு கட்டியிருக்காரு” என்றார். பசு சிவப்புக் கயிற்றுக்காரருக்கே போயிற்று.

பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் அன்று மஞ்சள் கயிறு இருந்தது. கொங்கு நாட்டில் மாரியம்மன் நோன்பு சாட்டிவிட்டால் கம்பம் நடுவார்கள், காப்புக் கட்டுவார்கள், பூவோடு எடுப்பார்கள். காப்புக் கட்டிக்கொண்டவன் விரதக்காரன். நோன்பு முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இராத் தங்கக் கூடாது. ஆக, அந்தக் கயிறு கட்டியவனுக்கு ஒரு தவணைச் சீட்டு. பார்ப்பவனுக்கு எழுதிய விலாசம் அல்ல. ‘காப்பு’ என்ற சொல்லே காவலைத்தானே குறிக்கிறது! கறுப்புக் கயிற்றின் சங்கதியும் அப்படித்தான். குழந்தை இரவில் திடுக்கிட்டு அழுதால் பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ தூக்கிப் போய் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிற இந்துத் தாய்மார்களைத் தமிழ்நாட்டில் எந்த ஊரில்தான் காண முடியாது?

கயிற்றைப் பார்த்து மதத்தைத் தீர்மானிக்கிற வழக்கு நம் நாட்டில் ஒரு முறை ரோமாபுரி வரைக்கும் போயிருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்தார் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதக சுவாமி என்று தமிழில் பெயர் பெற்றவர். அவருக்கு முன்பே அங்கே இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் கொன்சாலோ பெர்னாந்தசை ஜனங்கள் ‘பறங்கி’ என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நொபிலி அந்தப் பெயரே தமக்கு வேண்டாம் என்று காவி உடுத்தார், மாமிசத்தை விட்டார், சந்தனம் பூசினார், மார்பில் பூணூலும் தரித்தார். அந்த நூலில் மூன்று இழை பொன். அவை திரித்துவத்தைக் குறிப்பன என்று விளக்கம். கூடவே ஒரு சிலுவையும் தொங்கிற்று.

பெர்னாந்தஸ் பாதிரியார் இதைப் பொறுக்கவில்லை. கிறிஸ்துவைச் சொல்ல வந்தவர் புறச்சமயத்தாரின் நூலை அணிவதா என்று மேலிடத்துக்கு எழுதினார். நொபிலியோ, பூணூலும் குடுமியும் குலத்தையும் அந்தஸ்தையும் காட்டும் உலக வழக்கங்களே, தெய்வ வழிபாடு அல்ல என்று சாஸ்திரங்களிலிருந்தே எடுத்துக் காட்டி வாதாடினார். 1619-ல் கோவாவில் கூடிய சபையில் பேராயர் அவருக்கு எதிராக நின்றார். முடிவில் 1623 ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார்: நூல் அணியலாம், ஆனால் கோயிலில் மந்திரத்தோடு பெறக் கூடாது, கிறிஸ்தவக் குரு மந்திரித்துக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டில் நொபிலி நம் கொங்குச் சீமைப் பக்கம் திரும்பிச் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார்.

அந்த வாதத்தில் ஒரு கசப்பான உண்மை உண்டு. பூணூல் மதத்தின் அடையாளம் அல்ல, அந்தஸ்தின் அடையாளம் என்று நிரூபித்துத்தான் அவர் ஜெயித்தார். உயர்வு தாழ்வைக் காட்டுகிற நூல் என்றால் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை போலும்!

வழக்கு அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 1703-ல் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார் தெ தூர்னோன். உடல் நலமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். தமிழ்நாட்டின் உட்பகுதியில் அவர் கால் படவே இல்லை. 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் உள்ள தாலியை அணியக் கூடாது. தாலிக் கயிறு மஞ்சள் தடவிய 108 இழைகளால் ஆனதாகவும் இருக்கக் கூடாது. இழையை எண்ணி விசுவாசத்தை அளக்கிற காரியம் இது. நாள் தவறாமல் ஜபம் செய்து ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்த்த எந்தத் தாயும் தன் கழுத்துக் கயிற்றில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்த்திருப்பாளா? சர்ச்சை 40 ஆண்டு நீடித்து 1744-ல்தான் போப் பதினான்காம் பெனடிக்டின் முடிவோடு ஓய்ந்தது.

உடம்பில் உள்ள அடையாளத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை வெள்ளைக்காரச் சர்க்காரும் வேலூரில் கற்றுக்கொண்டது. சிப்பாய்கள் நெற்றிக்குறி, கடுக்கன், தாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு 1806 ஜூலை 10-ல் இரத்தத்தில் முடிந்தது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

கயிறு எப்போதும் பிரித்துத்தான் வைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. வங்காளத்தைக் கர்சான் இரண்டாக வெட்டிய 1905 அக்டோபர் 16 அன்று, ரவீந்திரநாத தாகூர் கல்கத்தா வீதிகளில் நடந்து இந்து, முஸ்லிம் என்று பாராமல் கண்டவர் கையிலெல்லாம் ராக்கி கட்டினார். ஒரே கயிறு, கட்டுகிறவன் மனம்தான் வேறு.

அதற்கு நேர் எதிரான மனத்தையும் நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். 2008 நவம்பர் 26 இரவு பம்பாய் ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நடந்துபோன கசாபின் படம் உலகமெங்கும் வந்தது. அவன் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பத்துப் பேரிடமும் இந்துப் பெயர் போட்ட பொய்யான கல்லூரி அடையாள அட்டைகள். சித்தி விநாயகர் கோயிலில் அந்தக் கயிறுகளை வாங்கிப் பாகிஸ்தானில் சாஜித் மீரிடம் கொடுத்தது தானே என்று டேவிட் ஹெட்லி 2016 பிப்ரவரியில் மும்பை நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னான். 166 உயிர்கள் போன காரியத்துக்குச் செய்த ஏற்பாடுகளில் இதுதான் மிக மலிவான செலவாக இருந்திருக்கும். கயிற்றைக் கண்டால் நாம் மேற்கொண்டு விசாரிக்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். இங்கே கயிறு பொய் சொல்லவில்லை, அதுதான் வேதனை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறமாகப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சொன்னதை வைத்து, 2019-ல் பள்ளிக் கல்வித் துறை அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. உடனே கண்டனம் கிளம்பிற்று. தமக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்று அமைச்சர் சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மறுபடியும் அதே கயிறு. காப்புக் கட்டிய பிள்ளையையும் சாதிக் கயிறு கட்டிய பிள்ளையையும் ஓர் ஆசிரியர் எப்படிப் பிரித்தறிவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காப்பு நோன்பு முடிந்ததும் அவிழ்ந்துவிடும், மற்றது அவிழாது. என் புத்திக்கு எட்டிய வித்தியாசம் இவ்வளவே.

சந்தைக்குத் திரும்புவோம். பிற்பகல் தேநீர்க் கடையில் அந்தச் சிவப்புக் கயிற்றுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தக் கோயில் கயிறு என்று விசாரித்தேன்.

“கோயிலுங்களா? பழனிக்குப் போன கூட்டாளி ஒருத்தர் வாங்கியாந்து குடுத்தாருங்க. கையில கெடந்தா யாவாரம் சுளுவா முடியுதுங்க” என்று சிரித்தார்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. எதிரே லாரியில் ஏழெட்டுக் கிழ மாடுகளோடு அந்தப் பசுவும் நின்றது. லாரி பாலக்காட்டுச் சாலையில் திரும்பியது. அது பால் கறக்கப் போகிற கூட்டமாகத் தெரியவில்லை.

பெரியவரைத் தேடினேன். கறுப்புக் கயிற்று இளைஞன்தான் வேறு ஒரு கன்றுப் பசுவை விலை பேசிக்கொண்டு நின்றான்.

“அவுரு அப்பவே பஸ் ஏறிட்டாருங்க. காப்புக் கட்டியிருக்காருல்லீங்க, பொழுதோட ஊர் போய்ச் சேரோணுமுங்க” என்றான்.